அக்கா தோட்டத்து மோட்டாரும் டெலிபிரிண்டர் படிப்பும்

மூன்று வாரமாகப் பதிவு எதுவும் போடவில்லை. இரண்டு மூன்று பேர் போனில் கூப்பிட்டு, "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றே கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாலக்கோடு பக்கம் என் அக்கா தோட்டத்துக்கும் தருமபுரிக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால், ஒரு கம்பியில் போகிற எழுத்து ஏன் உருமாறிப் போகிறது என்று கண்டுபிடிக்க. சர்வீஸில் இருந்தபோது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. இப்போது பேரனுக்காக இனாமாகச் செய்தேன்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. மச்சான் போன பிறகு தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்கிறாள். தக்காளி ஒன்றரை ஏக்கர், மீதி மா. ஆழ்துளைக் கிணறு 850 அடி. நம் மாவட்டத்தில் இது ஒன்றும் பெரிய ஆழம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஏழரை குதிரைத்திறன் மோட்டார். நாற்பது நிமிடம் ஓடினால் தண்ணீர் விட்டுவிடும். இரண்டு மணி நேரம் பொறுத்து மறுபடி போடவேண்டும். நிறுத்த மறந்தால் மோட்டார் வெறும் ஓட்டம் ஓடிக் காயில் கருகும். வண்டி வைத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் ஒரு பட்டத்துத் தக்காளியில் வந்த பணம் காலி. இரண்டு வருடத்தில் இரண்டு முறை நடந்துவிட்டது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் முறை என்றால் அக்கா டார்ச்சோடு வரப்பில் நடக்கிறாள். பாம்பு உள்ள இடம்.

அக்காவின் பேரன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். ஓசூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். படிப்புக்கான புராஜெக்டாகவும் ஆகும், பாட்டிக்கும் உதவும் என்று ஒரு கருவி செய்தான். கடையில் ரெடிமேடாகவே இப்படிப்பட்ட பாதுகாப்புப் பெட்டி கிடைக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். கிடைக்கிறது. ஆனால் அவன் கேட்டது, ஊரில் உட்கார்ந்தபடி கிணறு எவ்வளவு நேரம் தண்ணீர் கொடுக்கிறது என்று நாள்வாரியாகப் பார்க்க வேண்டும் என்பது. அது நியாயமான ஆசைதான்.

மோட்டார் ஷெட்டில் ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை. உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோகன்ட்ரோலர். மோட்டாருக்குப் போகிற ஒரு வயரைச் சுற்றி மாட்டிய கரன்ட் டிரான்ஸ்பார்மர் மூலம் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அது பார்க்கும். தண்ணீர் இருந்தால் 11, 12 ஆம்பியர். தண்ணீர் விட்டுவிட்டால் சுமை குறைந்து 7-க்குக் கீழே இறங்கும். வீட்டுக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை 3. இது சீட்டுக்கட்டு அளவே உள்ள முழுக் கம்ப்யூட்டர். ஷெட்டிலிருந்து வீட்டுக்கு எழுபது மீட்டர் வயர். ஊனோ இரண்டு நொடிக்கு ஒரு தடவை ஆம்பியரை எழுத்தாக அனுப்பும். பை அதைப் படித்து, குறித்து வைத்து, குறைந்தால் "நிறுத்து" என்று திருப்பி எழுதும். இதுதான் அவன் போட்ட திட்டம்.

மாசி மாதம் ஒரு இரவு, 6.4 என்று வர வேண்டிய இடத்தில் கட்டமும் கேள்விக்குறியும் வந்திருக்கிறது. பைக்குப் புரியவில்லை, நிறுத்து என்று சொல்லவும் இல்லை. மோட்டார் விடியும் வரை வெறுமனே ஓடியிருக்கிறது. அந்தத் தடவை கருகாமல் தப்பியது எப்படி என்று எனக்குத் தெரியாது. பையன் பயந்துபோய், "தாத்தா, எல்லாத்தையும் கழட்டிடறேன், பாட்டி பழையபடி கையாலயே போட்டுக்கட்டும்" என்று போன் செய்தான். அக்கா பின்னாலிருந்து, "அவன் படிச்ச படிப்புக்கு இதாவது தெரியுமான்னு கேளு" என்கிறாள். அவன் என்றது என்னை.

தெரியும். ஏனென்றால் நான் டெலிபிரிண்டர் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தவன். 1985-ல் தபாலும் தொலைத்தொடர்பும் தனித்தனித் துறைகளாகப் பிரிவதற்கு முன்பிருந்தே சேலத்திலும் தருமபுரியிலும் அந்த இயந்திரங்களோடுதான் குடித்தனம். தந்தி சேவை 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு முடிந்தபோது நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது.

டெலிபிரிண்டர் என்பது தட்டச்சுப் பொறிதான். இங்கே தட்டினால் சேலத்தில் அச்சாகும். ஒவ்வொரு எழுத்தும் ஐந்து துடிப்புகள். கரன்ட் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. ஐந்து துடிப்புகளுக்கு முன்னால் ஒரு தொடக்கத் துடிப்பு, பின்னால் ஒன்றரைத் துடிப்பு நீளத்துக்கு நிறுத்தம். வேகம் 50 பாட், அதாவது நொடிக்கு ஐம்பது துடிப்பு. பாட் என்ற அலகே பிரெஞ்சுக்காரர் எமில் பொதோவின் பெயரிலிருந்து வந்தது. 1874-ல் ஐந்து துடிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். ஒரு எழுத்துக்கு மொத்தம் ஏழரைத் துடிப்பு, 150 மில்லி செகண்ட். நிமிடத்துக்கு 400 எழுத்து.

இன்றைய ஊனோவும் பையும் பேசுவதும் இதே முறைதான். ஐந்துக்குப் பதில் எட்டு, அவ்வளவே. தொடக்கத் துடிப்பு இருக்கிறது, நிறுத்தம் இருக்கிறது. இரண்டு முனைக்கும் பொதுக் கடிகாரம் கிடையாது. தொடக்கத் துடிப்பு வந்ததும் வாங்குபவன் தன் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு துடிப்பின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறான். அவன் கடிகாரம் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ இருந்தால் முதல் துடிப்பில் தெரியாது. எட்டாவது, ஒன்பதாவதில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிடுவான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து சதவீதம் விலகினால் எழுத்து கெட்டுவிடும். டெலிபிரிண்டரில் மோட்டார் வேகத்தைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு இசைக்கவை இருந்தது. அதைத் தட்டி அதன் பிளவு வழியே சுழலும் கவர்னரின் கோடுகளைப் பார்த்தால், வேகம் சரியென்றால் கோடு நிற்கிற மாதிரி தெரியும். நகர்ந்தால் திருகாணியைத் திருக வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கியது. நாங்கள் பழகிய இயந்திரங்கள் அங்கேதான் தயாராயின. தொழில்நுட்பம் இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனியுடையது. ஒலிவெட்டியின் ஊர் இவ்ரெயா என்ற சிறு நகரம். ஆர்டுயினோவும் 2005-ல் அதே இவ்ரெயாவில்தான் பிறந்தது. அங்கே ஒலிவெட்டியும் டெலிகாம் இத்தாலியாவும் சேர்ந்து தொடங்கிய ஒரு வடிவமைப்புக் கல்லூரியில், மாணவர்களுக்கு மலிவாக இருக்கட்டும் என்று செய்த பலகை அது. ஆர்டுயினோ என்பது அந்த ஊர் ராஜாவின் பெயர். அவர் பெயரில் இருந்த ஒரு மதுக்கடையிலிருந்து பலகைக்கு வந்தது. இதைப் பையனிடம் சொன்னேன். "அப்ப இது உங்களுக்குச் சொந்தக்காரன் தாத்தா" என்றான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றி தருமபுரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். மோட்டார், எழுபது மீட்டர் வயர், ராத்திரி, பாம்பு எதுவும் இல்லாமல், ஒரு சாப்பாட்டு மேஜையில் அரை அடி வயரில் பேசாதவன் தோட்டத்தில் பேச மாட்டான்.

வயரைப் பார்த்தேன். அனுப்பும் முனை அடுத்தவனின் வாங்கும் முனைக்குப் போக வேண்டும். டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. அதைச் சரியாகப் போட்டிருந்தான். ஊனோ 5 வோல்ட்டில் பேசுகிறது, பை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதற்காக ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டரை வைத்து வோல்டேஜை மூன்றில் இரண்டாகக் குறைத்திருந்தான். மீட்டரில் 3.3 காட்டியது. கெட்டிக்காரன்தான். ஆனால் வயர் இரண்டே இரண்டு. மூன்றாவதாக இரண்டு பலகைகளின் கிரவுண்டையும் சேர்க்கும் வயர் இல்லை.

"ரெண்டும் கரன்ட்லதானே ஓடுது தாத்தா, எர்த் ஒண்ணுதானே?" என்றான்.

ஒரு காலத்தில் தந்தியும் அப்படித்தான் ஓடியது. ஒற்றைக் கம்பி, திரும்பி வரும் வழி பூமி. அதற்குப் பெரிய வோல்டேஜ், தரையில் புதைத்த தகடு எல்லாம் வைத்திருந்தார்கள். இரண்டு தனித்தனி சார்ஜரில் ஓடும் பலகைகளுக்கு அப்படி ஒரு பூமி கிடையாது. 5 வோல்ட் என்றால் எதிலிருந்து 5 என்று ஒரு பொதுத் தரை வேண்டும். ஒருவன் மாடியில் நின்று அளக்கிறான், இன்னொருவன் வாசலில் நின்று அளக்கிறான் என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும்? கிரவுண்டைச் சேர்த்ததும் பாதி எழுத்து ஒழுங்காக வந்தது.

பாதிதான். அடுத்ததாக, எங்கள் டெஸ்ட் டெஸ்க்கில் தினமும் செய்த வேலையைச் செய்தேன். சேலத்து லைனில் கோளாறு என்றால் பாதி வழியில் லூப் போடச் சொல்வோம். நாம் அனுப்பியது நமக்கே திரும்பி வந்தால் அதுவரை நல்லது, கோளாறு அந்தப் பக்கம். இங்கே ஊனோவைக் கழற்றி வைத்துவிட்டு, பையின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். இனி பை தன்னோடு தானே பேச வேண்டும். ஒரு எழுத்து தட்டினால் அதே எழுத்து வர வேண்டும்.

நான் ஒன்றும் தட்டவில்லை. திரையில் பாதி பாதியாக ஏதோ வந்தது. "ராஸ்பெர்ரிபை லாகின்" என்று படிக்க முடிந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ராஸ்பெர்ரி பையில் திரையும் கீபோர்டும் இல்லாமல் வேலை பார்க்க வசதியாக, அந்த சீரியல் முனையிலேயே ஒரு வாசற்காரனை நிறுத்தி வைக்கலாம். யார் வந்தாலும் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்பான். நல்ல ஏற்பாடு, ஒதுக்குப்புறத்தில் இருக்கும் கருவிக்கு அவசியமானதும்கூட. ஆனால் அதே முனையில் ஊனோவை மாட்டினால், ஊனோ "11.8" என்று சொல்ல, வாசற்காரன் அதைப் பெயர் என்று நினைத்துக் கடவுச்சொல் கேட்கிறான். ஊனோ மறுபடியும் "11.8" என்கிறது. தவறான கடவுச்சொல் என்று விரட்டுகிறான். இதற்கிடையில் பையனுடைய புரோகிராமும் அதே முனையில் காது வைத்திருக்கிறது. வருகிற எழுத்தில் சிலது வாசற்காரனுக்கும் சிலது புரோகிராமுக்குமாகப் பிரிந்து போகிறது. பாட்டியின் கிணறு ஒரு வாரமாக உள்ளே வர அனுமதி கேட்டு நின்றிருக்கிறது என்று நினைத்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

செட்டிங்ஸில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீரியல் வழியாக லாகின் வேண்டுமா என்பதற்கு வேண்டாம், சீரியல் முனையே வேண்டுமா என்பதற்கு வேண்டும். பையை அணைத்துப் போட்டதும் லூப் சுத்தமாக வந்தது. தட்டியது மட்டும் வந்தது.

அடுத்தது வேகம். இரண்டு பக்கமும் 1,15,200 பாட் வைத்திருந்தான். ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அதை முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் எடுக்க முடியும். 1,15,200 கேட்டால் 1,17,647 கிடைக்கும். இரண்டு சதவீதம் அதிகம். 9,600 கேட்டால் 9,615 கிடைக்கும், கால் சதவீதம்கூட இல்லை. நான் சொன்ன ஐந்து சதவீத வரம்பில் இரண்டைத் தொடக்கத்திலேயே செலவு செய்துவிட்டு உட்கார்ந்தால், வயர் நீளும்போது மிச்சம் எங்கே? "ஸ்லோவா இருக்குமே தாத்தா" என்றான். 9,600 என்றால் நொடிக்கு 960 எழுத்து. அவன் அனுப்புவது இரண்டு நொடிக்கு ஒரு வரி. ஐம்பது பாடில் ஊர் பூராவுக்கும் சாவுச் செய்தியும் வேலை உத்தரவும் கல்யாண வாழ்த்தும் அனுப்பியிருக்கிறோம் என்றேன். குறைத்தான்.

கெட்டுப்போன எழுத்தைக் குப்பை என்று ஒதுக்காமல் படிக்க வேண்டும் என்பதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்து துடிப்பில் 32 வகைதான் சாத்தியம். அதனால் டெலிபிரிண்டரில் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே குறிதான், இனி வருவது எண் என்று சொல்ல ஒரு தனிக் குறி போகும். அந்த ஒரு குறி வழியில் தொலைந்தால் 20 என்பது 'டபிள்யூபி' என்று அச்சாகும். பழகிய ஆபரேட்டர் டபிள்யூபியைப் பார்த்ததும் 20 என்று படித்துவிடுவார். இங்கேயும் அதே கதை. எல்லா எழுத்தும் ஒரே மாதிரி தவறாக வந்தால் வேகம் ஒத்துப்போகவில்லை. அங்கங்கே எழுத்து விழுங்கப்பட்டால் இன்னொருவன் படிக்கிறான். நன்றாக வந்துகொண்டே இருந்து திடீரென்று ஒரு வரி மட்டும் கந்தல் என்றால் வெளியிலிருந்து எதுவோ அடிக்கிறது.

அந்தக் கடைசி வகைதான் தோட்டத்தில் காத்திருந்தது. மேஜையில் ஒரு இரவு முழுக்க ஓடவிட்டோம், ஒரு வரி தவறவில்லை. தோட்டத்தில் மாட்டினோம், மோட்டார் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டரைப் போட்டதும் நாலைந்து வரி கந்தல், ஓடும்போதும் அவ்வப்போது. போய்ப் பார்த்தால் சிக்னல் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டி எழுபது மீட்டரும் இழுத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரன்டைப் போல் பல மடங்கு இழுக்கும். பக்கத்து வயரில் அது எதிரொலிக்காமல் இருக்குமா? 5 வோல்ட் சமாசாரம் ஒரு பெட்டிக்குள் பேசிக்கொள்ளத்தான், தோட்டம் தாண்டுவதற்கு இல்லை.

டெலிபோன் லைன் மைல் கணக்கில் ஓடியும் பேச்சு கேட்டது எப்படி? இரண்டு கம்பியை முறுக்கி ஜோடியாகப் போடுவதால். கிரகாம் பெல்லே 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும். வாங்குபவன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இரைச்சல் கழிந்துபோகும். இதே முறையில் ஆர்எஸ்-485 என்று ஒரு தரம் இருக்கிறது. 1,200 மீட்டர் வரை போகும். அதற்கான சிறு பலகை கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. முனைக்கு ஒன்று. கம்ப்யூட்டர் கடையில் லேன் கேபிள் எழுபத்தைந்து மீட்டர் வாங்கினோம். உள்ளே நாலு முறுக்கு ஜோடி. ஒன்றைப் போகவும், இன்னொன்றைக் கிரவுண்டுக்கும் எடுத்துக்கொண்டோம். கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டர். பையின் பக்கத்துச் சிறு பலகையும் 5 வோல்ட்டில்தான் பேசியதால் பழைய இரண்டு ரெசிஸ்டர்களும் அப்படியே இருந்தன. கேபிளைக் கருப்புக் குழாய்க்குள் விட்டு மோட்டார் கேபிளிலிருந்து ஆறடி தள்ளிப் புதைத்தோம். குழி வெட்டியது பையன், மேற்பார்வை அக்கா.

இன்னும் ஒரு மாற்றம் செய்தோம். இதில் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதமே நடந்தது. மோட்டாரை நிறுத்தும் முடிவை வீட்டில் இருக்கும் பை எடுக்கக்கூடாது என்றேன். ஆம்பியரைப் பார்ப்பவன் ஊனோ, மோட்டாரும் அவன் பக்கத்திலேயே இருக்கிறது. எழுபது மீட்டர் தள்ளி இருப்பவனிடம் கேட்டுவிட்டு நிறுத்துகிறேன் என்றால், வயரை எலி கடித்த அன்று என்ன ஆகும்? 7-க்குக் கீழே பத்து நொடி இருந்தால் ஊனோவே நிறுத்தட்டும், இரண்டு மணி நேரம் பொறுத்து அதுவே போடட்டும், பைக்குத் தகவல் மட்டும் சொன்னால் போதும். எல்லா மூளையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் புராஜெக்டுக்கு நன்றாக இருக்கும் என்றான். அக்கா இடையில் புகுந்து, "வீட்டுக்காரரு ஊர்ல இல்லன்னா மாடு தண்ணி குடிக்காம நிக்குமா?" என்று கேட்டாள். அவன் புரோகிராமை மாற்றி எழுதினான். இப்போது செய்தி ஒரே வழிப் போக்குவரத்து. அதனால் ஒரு ஜோடியே போதுமானதாக இருந்தது.

தந்தியின் தலைப்பில் செய்தி எண்ணும், அதில் எத்தனை சொற்கள் என்ற கணக்கும் போகும். வாங்கும் ஆபரேட்டர் சொற்களை எண்ணிப் பார்த்து ஒத்துவந்தால்தான் ஒப்புக்கொள்வார். எண்கள் இருந்தால் கடைசியில் ஒரு தரம் திருப்பி அனுப்பச் செய்வதும் உண்டு. அதையே இங்கும் வைத்தோம். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், கடைசியில் எழுத்துகளைக் கூட்டி வந்த ஒரு சரிபார்ப்பு எண். ஒத்துவராத வரியைப் பை தூக்கிப் போட்டுவிட்டு, தூக்கிப் போட்டேன் என்று குறித்து வைக்கும். முதல் நாள் 43,200 வரிகளில் தள்ளுபடி ஆனது இரண்டு. இரண்டுமே ஸ்டார்ட்டர் போட்ட நேரம்.

அக்கா இப்போது இரவில் போவதில்லை. காலையில் போய் வாய்க்காலைப் பார்க்கிறாள். பையன் ஓசூரிலிருந்து கணக்கெடுத்ததில் கிணறு நாற்பது நிமிடம் இல்லை, சராசரி முப்பத்திரண்டு நிமிடம்தான் தண்ணீர் கொடுக்கிறது என்று தெரிந்தது. அடுத்த பட்டத்தில் தக்காளியை ஒரு ஏக்கராகக் குறைப்பதா, சொட்டுநீர் போடுவதா என்று குடும்பத்தில் பேச்சு நடக்கிறது. முடிவு அக்காவுடையது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சித்திரை பிறந்தால் இடி மழை வரும். எழுபது மீட்டர் செம்புக் கம்பியை மண்ணில் புதைத்துவிட்டு இரண்டு முனையிலும் பாதுகாப்பு இல்லாமல் விடுவது எனக்குத் தூக்கம் கொடுக்கவில்லை. எங்கள் எக்சேஞ்சில் ஒவ்வொரு லைனுக்கும் அரெஸ்டர் இருந்தது. சேலத்தில் ஒரு கடையில் அதற்கான சின்னக் குழல்கள் இருக்கின்றன என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பையனும் வருகிறான். தொப்பூர் வழியாகப் போய் வாங்கி வந்து மாட்ட வேண்டும்.